பாஸ்பேட் பொடிப் பாக்கெட்: எப்போது உதவும், எப்போது வீண்?

ரத்தத்தில் பாஸ்பரஸ் குறைந்தவர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் பாஸ்பேட் பொடி எல்லாத் தெருமுனை மருந்துக்கடையிலும் இருப்பதில்லை. மதுரையில் கோரிப்பாளையம், பனகல் சாலைப் பக்கம் அரசு ராஜாஜி மருத்துவமனையைச் சுற்றியுள்ள கடைகளில் முதலில் கேட்டால் அலைச்சல் மிச்சம். பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று ஹோமியோபதி ‘காலி பாஸ்’ மாத்திரையை வாங்கிவிடாதீர்கள். அது இதற்கு ஈடாகாது.

பாக்கெட்டில் பார்க்க வேண்டியது பொடியின் எடையை அல்ல, ‘எலிமென்டல் பாஸ்பரஸ்’, அதாவது பொடியில் உள்ள பாஸ்பரஸ் மட்டும், எத்தனை மில்லிகிராம் என்பதை. ஒரு தடவைக்கு 500 மி.கி. தரும் கலவைதான் கணக்குக்கு வசதி. அப்படி ஒரு கலவையில் சோடியம் 469 மி.கி., பொட்டாசியம் 123 மி.கி. சேர்ந்தே வரும். ஒரு நாளைக்கு நான்கு தடவை என்றால் சோடியம் மட்டும் 1,876 மி.கி.; முக்கால் டீஸ்பூனுக்கும் சற்று அதிகமான உப்பைத் தின்ற மாதிரி. பிரஷர், கால் வீக்கம் உள்ளவர்கள் இதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். கிட்னி பழுதானவர்கள் தாங்களாகத் தொடவே கூடாது.

வழக்கமாக ஒரு நாளைக்கு 1,000 முதல் 2,000 மி.கி. வரை, மூன்று நான்கு வேளையாகப் பிரித்துத் தருவார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் (200 மில்லி) முழுதாகக் கரைத்து மெதுவாகக் குடிக்க வேண்டும். கெட்டியாகக் கரைத்து ஒரே மடக்கில் குடித்தால் வயிற்றால் போகும். இந்த மருந்தின் பெரிய குறையே இதுதான். போகிற வயிற்றோடு பாஸ்பரஸும் போய்விடும்.

இன்னொரு தவறு அதைவிடச் சகஜம். காலையில் பொடி, கையோடு கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கு ஜெல். கால்சியமும் ஜெல்லில் உள்ள அலுமினியம், மக்னீசியமும் பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மாதக்கணக்கில் ஜெல் குடித்ததே குறைவுக்குக் காரணமாகவும் இருக்கலாம். அப்படியானால் முதல் வைத்தியம் ஜெல்லை நிறுத்துவதுதான்.

பெரியவர்களுக்கு ரத்தத்தில் (சீரம்) பாஸ்பரஸ் டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மி.கி. வரை இயல்பு. சாதாரண லிவர், கிட்னி டெஸ்ட் பட்டியலில் இது எல்லா லேபிலும் வராது, இல்லாவிட்டால் தனியாகக் கேட்க வேண்டும். ரிப்போர்ட்டில் இருக்கும் ‘அல்கலைன் பாஸ்படேஸ்’ ஒரு நொதி, அது வேறு சமாச்சாரம். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். ட்யூபில் ரத்த அணு உடைந்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். குளுக்கோஸ் டிரிப் ஏறும்போது எடுத்தால் இறங்கிக் காட்டும்.

2 முதல் 2.5 வரை உள்ள லேசான குறைவுக்கு எங்கள் ஓட்டு பாலுக்கே. அரை லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 450 மி.கி. பாஸ்பரஸ், விலையும் குறைவு. கம்பு, பருப்பிலும் நிறைய உண்டு. ஆனால் ‘பைட்டேட்’ என்ற எளிதில் செரிக்காத சேர்மமாகக் கட்டுண்டு கிடப்பதால் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். மாவைப் புளிக்க வைத்தால் கொஞ்சம் விடுபடும். ஜிகர்தண்டாவிலும் பால்தானே என்று கேட்பவர்களுக்கு: சர்க்கரைதான் அதிகம்.

பொடி தோற்கும் இடமும் உண்டு. ரத்தசோகைக்கு ‘ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ்’ இரும்பு டிரிப் போட்டபின் சிலருக்குப் பாஸ்பரஸ் சரியும். அசதிக்கு ரத்தசோகை மேல் பழி போடுவார்கள். ஆனால் எஃப்.ஜி.எஃப் 23 என்ற ஹார்மோன் ஏறி, கிட்னி பாஸ்பேட்டைச் சிறுநீரில் கொட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு பொடி கரைத்தாலும் ஓட்டைக் குடத்தில் ஊற்றுவதுதான். ஆகவே கால்சியம், வைட்டமின் டி, பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்), மக்னீசியம், கிரியாட்டினின், சிறுநீரில் பாஸ்பரஸ் எல்லாம் பார்க்காமல் பொடியை மட்டும் எழுதுவது பாதி வைத்தியம்.

பொடிக்கு மாற்று வழி ‘ஜூலி கரைசல்’ என்ற பாஸ்பேட் திரவம்: மில்லிக்குச் சுமார் 30 மி.கி. பாஸ்பரஸ். அளவை நுணுக்கமாக ஏற்ற இறக்க வசதி, புளிப்புதான் சிரமம். கலக்கத் தெரிந்த பார்மசிஸ்ட் வேண்டும்.

அளவு 1-க்குக் கீழே போனாலோ, எழுந்து நிற்க முடியாத பலவீனம், மூச்சுத் திணறல், குழப்பம், வலிப்பு வந்தாலோ பாக்கெட்டைத் தேட வேண்டாம். ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். பல நாள் பட்டினி கிடந்தவர், குடியை விட்டவர் திடீரென வயிறு நிறையச் சாப்பிட்ட முதல் சில நாட்கள்தான் இதற்கு மிக ஆபத்தான காலம்.