‘ரிமோட் அர்ஜுன் டாங்கி, ஃபுல் கிட்’ விளம்பரம் பார்த்தீர்களா? காசு அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

லெகோ பொம்மை பிரிக்கில் கட்டி ரிமோட்டில் ஓட்டும், நம் ராணுவத்தின் அர்ஜுன் டாங்கி மாதிரி, மோட்டார், ரிசீவர், கட்டும் முறைக்கான பிடிஎஃப் எல்லாம் சேர்த்து ஃபுல் கிட், அத்தனையும் ஒரிஜினல் என்று ஒரு விளம்பரம் சில மாதங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி நான் கொடுத்தது 34,500 ரூபாய். விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, தவிர ஆள் தன் இணையப் பக்கத்தின் பெயரை அடிக்கடி மாற்றுகிறார், பெயரைச் சொல்லியும் பயனில்லை. எப்படி ஏமாற்றுகிறார் என்று தெரிந்தால் போதும்.

முதலில் ஒன்று. இன்றைய ராணுவ வண்டிகளை அப்படியே செட்டாகப் போடுவதில்லை என்பது லெகோ கம்பெனியின் கொள்கை. 2020இல் வி-22 ஆஸ்ப்ரே ராணுவ விமானத்தை மீட்பு விமானம் என்று சொல்லி தங்கள் டெக்னிக் வரிசையில் கொண்டுவரப் பார்த்தார்கள், ஜெர்மனியில் ஒரு அமைதி இயக்கம் எதிர்த்ததும், கடைக்கு வரப்போகிற நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். அதனால் பிரிக்கில் டாங்கி வேண்டுமென்றால் போலந்தின் கோபி மாதிரி வேறு கம்பெனி செட் வாங்க வேண்டும், இல்லையென்றால் யாராவது ஒரு ரசிகர் போட்ட டிசைனை வைத்து பார்ட்ஸ் தேடிச் சேர்த்துக் கட்ட வேண்டும். ‘லெகோ லிமிடெட் எடிஷன் டாங்கி’ என்று எவராவது சொன்னால் அந்த ஒரு வரியே பொய்.

பார்ட்ஸ் தேடுவது இங்கே சுலபமில்லை. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். வெளிநாட்டில் யாரோ விற்கும் பழைய மோட்டாரை வாங்கினால் மோட்டார் விலையை விட மற்ற செலவு கூடிவிடும். இந்த நிலையில் ‘எல்லாம் இந்தியாவிலேயே ஸ்டாக் இருக்கு, ஒரே பாக்ஸில் வரும்’ என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது. அதுவும் நான் ஆவடிக்காரன். விஜயந்தா, டி-72, அர்ஜுன் டாங்கிகள் எல்லாம் எங்கள் ஊர் கனரக வாகனத் தொழிற்சாலையில் (எச்.வி.எஃப்.) செய்தவை, சின்ன வயதிலிருந்தே பேச்சில் அடிபடும் பெயர்கள். அர்ஜுன் என்று பார்த்ததும் மெசேஜ் அனுப்பிவிட்டேன்.

ஆள் நன்றாகவே பேசினார். 1:20 அளவு, அகலம் 24 ஸ்டட் (பிரிக் மேலே இருக்கும் குமிழ்) என்றார். நிஜ அர்ஜுன் 3.86 மீட்டர் அகலம், ஒரு ஸ்டட் 8 மில்லிமீட்டர், கணக்குப் போட்டால் சரியாக வருகிறது, விஷயம் தெரிந்த ஆள்தான் என்று தோன்றியது. டிராக்குக்கு (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) ஒன்று வீதம் இரண்டு எக்ஸ்எல் மோட்டார், டரெட் (மேலே பீரங்கியோடு சுழலும் கூண்டு) திருப்ப அதைவிடச் சின்ன எம் மோட்டார் ஒன்று, லெகோவின் பழைய மோட்டார் வரிசையான பவர் ஃபங்ஷன்ஸின் ரிசீவர், ரிமோட். பாதி அட்வான்ஸ், பாதி பேக்கிங் போட்டோ பார்த்த பிறகு, இரண்டும் யுபிஐயில். பார்ட்ஸ் லிஸ்ட் கேட்டேன், ‘டிசைனர் காப்பிரைட் ப்ரோ, வெளில தர முடியாது’ என்றார். பில் கேட்டேன், ‘பாக்ஸுக்குள்ள இருக்கும் ப்ரோ’ என்றார். இன்னும் ஏதோ கேட்டபோது, ‘நம்பிக்கை இல்லேன்னா வேண்டாம் ப்ரோ, க்யூல ஆள் நிக்குது’.

சொன்ன தேதி தாண்டி, போன் எடுக்காமல் இழுத்தடித்து, ஒருவழியாக பாக்ஸ் வந்தது. உள்ளே பில் இல்லை.

பிரிக் அத்தனையும் டூப்ளிகேட். ஒரிஜினல் பிரிக்கில் ஒவ்வொரு ஸ்டட் மேலும் லெகோ என்று எழுத்து இருக்கும், இதில் எல்லாம் மொட்டை. டூப்ளிகேட் என்பதற்காக நான் கோபப்படவில்லை, சீனத் தயாரிப்பு பிரிக்குகளில் நல்லதும் இருக்கிறது, அதை அதன் பெயரில் அதன் விலைக்கு விற்றால் நானே வாங்குவேன். ஒரிஜினல் என்று சொல்லி ஒரிஜினல் விலை வாங்கினால் அது வேறு விஷயம்.

பிடிஎஃப்பைத் திறந்தால்தான் உண்மையான கூத்து. அர்ஜுனுக்கு ஒரு பக்க டிராக்கில் ஏழு சக்கரம். அந்தப் படங்களில் ஆறுதான். ஆறு சக்கரம் டி-72க்கு. யாரோ ஒரு வெளிநாட்டு ரசிகர் போட்ட டி-72 டிசைனை எடுத்து, மேலே டரெட்டை மட்டும் கொஞ்சம் சதுரமாக்கி, முதல் பக்கத்தில் இருந்த அவர் பெயரை வெள்ளையடித்துவிட்டு அர்ஜுன் என்று பெயர் சூட்டியிருக்கிறார். ஒரு இடத்தில் வெள்ளை சரியாக மறைக்கவில்லை, பாதி எழுத்து தெரிந்தது, அதை வைத்துத் தேடியபோது மூல டிசைன் கிடைத்தது. ‘டிசைனர் காப்பிரைட்’ என்று எனக்குப் பாடம் எடுத்த மனிதர்!

சரி, டி-72 ஆவது ஓடுமா என்று பார்க்கலாமென்று கட்டினேன். பாக்ஸில் எக்ஸ்எல் மோட்டாரே இல்லை, மூன்றுமே எம் மோட்டார், அதுவும் டூப்ளிகேட். இந்த வித்தியாசம் புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது, அதில்தான் அவர் விளையாடுகிறார். 9 வோல்ட்டில் சுமை இல்லாமல் எம் மோட்டார் நிமிஷத்துக்கு 400 சுற்று வரை சுற்றும், எக்ஸ்எல் அதில் ஏறக்குறைய பாதிதான், சுமார் 220. கையில் பிடித்து ஆன் பண்ணிப் பார்த்தால் எம் மோட்டார்தான் ஜோராகத் தெரியும். ஆனால் முறுக்குவிசை எக்ஸ்எல்லில் மூன்று மடங்குக்கு மேல். டாங்கிக்கு வேண்டியது அதுதான். காரில் முன்சக்கரம் வளைந்து திருப்பும், டாங்கியில் திருப்ப வேண்டுமென்றால் ஒரு டிராக் முன்னால் போக வேண்டும், இன்னொன்று பின்னால் போக வேண்டும் அல்லது நிற்க வேண்டும், டிராக் முழு நீளத்துக்கும் தரையில் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே திரும்பும். மோட்டாருக்கு அதிகச் சுமை வருகிற நேரம் அதுதான்.

நேராகப் போனது. டைல்ஸ் தரையில் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு, ஆனால் போனது (டிராக்கில் செருகும் ரப்பர் துண்டுகளும் பிடிஎஃப்பில் உள்ள லிஸ்டில் உண்டு, பாக்ஸில் இல்லை). திருப்பியதும் நின்றுவிட்டது. மோட்டார் உறுமுகிறது, டிராக் அசையவில்லை, அப்புறம் பிளாஸ்டிக் கருகுகிற வாசனை. ஒரிஜினல் மோட்டாரில் அளவுக்கு மீறிச் சூடானால் தானாகவே கரண்டைக் குறைத்துக்கொள்ளும் பாதுகாப்பு உண்டு, இதில் அப்படி எதுவும் வேலை செய்யவில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்துக்காகவாவது இந்த ஆளிடம் போகாதீர்கள்.

போன் பண்ணினேன். ‘ரீசார்ஜபிள் பேட்டரி போட்டிருப்பீங்க ப்ரோ’ என்றார். இதில் பாதி உண்மை இருக்கிறது, ஆறு டபுள் ஏ அல்கலைன் என்றால் 9 வோல்ட், ரீசார்ஜபிள் என்றால் 7.2தான் வரும். புது அல்கலைன் வாங்கிப் போட்டேன். அதே உறுமல், அதே வாசனை. எக்ஸ்எல் மோட்டார் எங்கே என்று கேட்டேன், ‘கம்பெனி அப்டேட் பண்ணிடுச்சு ப்ரோ, இதுதான் புது வெர்ஷன்’. லெகோ 2018இல் பவர்டு அப் என்ற புது வரிசையைக் கொண்டுவந்தது, 2007இல் வந்த பவர் ஃபங்ஷன்ஸை அதன் பிறகு நிறுத்திவிட்டது. நிறுத்திவிட்ட வரிசைக்குப் புது வெர்ஷன் எங்கிருந்து வரும்? இன்றைக்கு ‘பிராண்ட் நியூ சீல்டு பவர் ஃபங்ஷன்ஸ், பாதி விலை’ என்று யார் சொன்னாலும் அது பழைய சரக்கு அல்லது டூப்ளிகேட்.

விளம்பரத்தில் ‘வெயிலிலும் 30 மீட்டர் ரேஞ்ச்’ என்று வேறு போட்டிருந்தது. இந்த ரிமோட் அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்வது, டிவி ரிமோட் போலத்தான், ரிசீவர் கண்ணுக்கு நேரே தெரிய வேண்டும், நல்ல வெயிலில் சில அடி தாண்டினாலே சொல்பேச்சு கேட்காது. 30 மீட்டர் என்று எழுதுகிற ஆள் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்.

கடைசியில் ரீஃபண்ட் கேட்டபோது ‘கஸ்டம் ஆர்டர், நோ ரீஃபண்ட்’ என்று ஒரு வரி அனுப்பிவிட்டு பிளாக் பண்ணிவிட்டார். இப்படிச் சொன்னால் நிறைய பேர் அதோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அதில் சேரும், பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு, அதனால் பாக்ஸ் வந்ததும் திறந்து பாருங்கள், எழுத்தில் புகார் அனுப்புங்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணிப் பதிவு செய்தேன், தமிழிலேயே பேசலாம். அதில் சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. காசு வாங்கிவிட்டு எதுவுமே அனுப்பாத ஆளாக இருந்தால் தாமதிக்காமல் 1930, அது சைபர் குற்றத்துக்கானது. சாட், யுபிஐ ரசீது, பாக்ஸ் பிரித்த வீடியோ மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

வாங்கும் முன் கேட்க வேண்டியதில் முக்கியமானது ஒன்றுதான்: டாங்கி நின்ற இடத்திலேயே, தரைவிரிப்பு மேல், ஒரு முழுச் சுற்று திரும்புகிற வீடியோ, உங்கள் பெயர் எழுதிய சீட்டு பக்கத்தில் இருக்கும்படி. இவருடைய வீடியோவை மறுபடி பார்த்தேன், டாங்கி நேராகப் போகிறது, திரும்பும் முன் கட் ஆகிறது, ஒரு தடவை கூடத் திரும்பவில்லை. போட்டோ என்று போட்டிருப்பவையும் போட்டோ இல்லை, கம்ப்யூட்டர் படம். அதில் எந்தப் பார்ட்டுக்கும் எந்த நிறமும் கொடுக்கலாம், நிஜத்தில் அந்த நிறத்தில் அந்தப் பார்ட் வந்தே இருக்காது. பாலைவன மஞ்சளில் எல்லாமே இருந்தால் சந்தேகப்படுங்கள், எனக்கு வந்த பாக்ஸில் பாதி சாம்பல் நிறம்.

இப்போது வேறு பெயரில் ஒரு பக்கம் ஆரம்பித்து ‘கே-9 வஜ்ரா ரிமோட் கிட், புக்கிங் ஓபன்’ என்று போட்டிருக்கிறார். வஜ்ரா, டாங்கி மாதிரி டிராக்கில் ஓடும் பீரங்கி வண்டி. அதற்கும் ஒரு பக்க டிராக்கில் ஆறு சக்கரம்தான், அதனால் பிடிஎஃப்பில் அவருக்கு இந்த முறை வேலை குறைவு. ஆனால் டி-72க்கு டிராக்கை இழுக்கும் பல்சக்கரம் பின்னால், வஜ்ராவுக்கு முன்னால். நண்பர் நம்பரிலிருந்து கேட்டுப் பார்த்தேன், பல்சக்கரம் முன்னாலா பின்னாலா என்று. ‘ரெண்டு பக்கமும் இருக்கு ப்ரோ, பிரீமியம் மாடல்’ என்று பதில் வந்தது.