வடசென்னையில் ஸ்டேப்ளர் சுன்னத்: வெட்டிய தோல் எங்கே போகிறது?

வண்ணாரப்பேட்டையில் தொடங்கி பெரம்பூர், திருவொற்றியூர் வரை ‘ஸ்டேப்ளர் சுன்னத்’ விளம்பரம் கண்ணில் படுகிறது. தையல் இல்லை, அரை மணி நேரம், அன்றைக்கே வீடு. முன்தோல் இறுகிப்போய்ப் பின்னால் தள்ள முடியாமல் தவிக்கும் ஆண்களுக்கு இது நல்ல சேவைதான். ஆனால் இந்தச் சேவையை நாங்கள் எடைபோடுவது நேரத்தையோ தழும்பையோ வைத்து அல்ல. வெட்டியெடுத்த தோலில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கப் பயாப்சிக்கு (திசுச் சோதனைக்கு) அனுப்புகிறார்களா, குப்பையில் போடுகிறார்களா? குப்பையில் போடும் இடத்துக்கு நாற்பது வயது தாண்டியவர்கள் போகவே வேண்டாம். காரணம் கீழே வருகிறது. முதலில் கருவி.

மணி போன்ற உள்பாகம் ஆண்குறியின் முனையான ‘மொட்டு’ப் பகுதியை மூடிக்கொள்ளும். அதன்மேல் முன்தோலை இழுத்துக் கட்டுவார்கள். வெளிப்பாகத்தை மாட்டித் திருகி, கைப்பிடியை அழுத்தினால் வட்டக் கத்தி தோலை அறுக்கும்; அதே நொடியில் பொடிப்பொடி பின்கள் வெட்டிய விளிம்பைச் சேர்த்துப் பிடிக்கும். உறுப்பின் அடியில் லிக்னோகெயின் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தால் போதும், முழு மயக்கம் தேவையில்லை. பின்கள் இரண்டு மூன்று வாரத்தில் தாமாக உதிரத் தொடங்கும். ஒரு மாதம் தாண்டியும் தோலுக்குள் புதைந்து நிற்பவற்றை டாக்டர்தான் எடுக்க வேண்டும், வீட்டில் நகவெட்டியால் பிடுங்கக் கூடாது. நான்கிலிருந்து ஆறு வாரம் உடலுறவு கூடாது.

கெடுவது பெரும்பாலும் அளவில்தான். காகித அளவுகோலால் சுற்றளவு எடுத்து அதற்கேற்ற எண்ணுள்ள கருவியைத் தேர்வு செய்ய வேண்டும். கையிருப்பில் இருப்பதை மாட்டினால் பின் சரியாகக் கோக்காது, உள்ளே ரத்தம் கட்டி நீலமாக வீங்கும். இல்லையென்றால் தோல் தேவைக்கு மேல் போய்விடும். கருவி ஒருமுறைக்கு மட்டுமே. உறையை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். முதல் இரவில் கட்டு முழுவதும் நனையும்படி ரத்தம் வந்தால் காலை வரை காத்திருக்காமல் திரும்பப் போக வேண்டும்.

தோல் மிகவும் இறுகியிருந்தால் மணி உள்ளே நுழையாது. மேல்பக்கம் ஒரு சிறு கீறல் போட்டுத் திறந்தாக வேண்டும். எங்களைப் பொறுத்தவரை இந்தச் சேவையின் தரம் தெரியும் இடம் அதுதான். பல வருடமாக யாரும் பார்த்திராத மொட்டு அப்போதுதான் வெளிச்சத்துக்கு வருகிறது. நல்ல டாக்டர் அங்கே நின்று, மொட்டு, அதன் விளிம்பு, தோலின் உள்பக்கம் எல்லாவற்றையும் துடைத்துப் பார்ப்பார். ஆறாத புண், காலிஃபிளவர் போன்ற வளர்ச்சி, வெல்வெட் துணி மாதிரி சிவந்த திட்டு, விரலில் கெட்டியாகத் தட்டுப்படும் இடம், இதில் எது இருந்தாலும் ஸ்டேப்ளரைக் கீழே வைத்துவிட்டு முதலில் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும். வெள்ளையாக, காகிதம் போல விறைத்த தோல் என்றால் அது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற நோயாக இருக்கலாம். அது புற்றுநோய் இல்லை, ஆனால் சிலருக்கு வருடங்கள் கழித்து அதில் புற்றுநோய் வருகிறது. சிறுநீர்த் துவாரத்தையும் அது சுருக்கும் என்பதால், வெட்டியதோடு வேலை முடிந்துவிடாது.

ஆண்குறியில் புற்றுநோய் வருமா என்றுதான் பலர் கேட்கிறார்கள். 2020-க்கான உலக மதிப்பீட்டில் புதிதாக இந்த நோய் வந்தவர்கள் சுமார் 36,000 பேர், இறந்தவர்கள் சுமார் 13,000 பேர். அந்த 36,000-இல் கால் பங்குக்கும் மேல் இந்தியர்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஒரு லட்சம் ஆண்களுக்கு ஆண்டுக்கு ஒருவர் என்ற அளவில், அல்லது அதற்கும் கீழே இருக்கும் நோய் இது. ஆப்பிரிக்காவின் எஸ்வாட்டினி, உகாண்டா, பிரேசிலின் மாரன்யாவ் மாநிலம் போன்ற இடங்களில் பல மடங்கு. நம் நாட்டிலும் நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம் என்பதை மகாராஷ்டிராவின் பார்ஷி கிராமப் புற்றுநோய்ப் பதிவேடு காட்டியது. வீடு வசதியாக இல்லாதவனைத் தேடி வரும் நோய் என்று சொன்னால் மிகையில்லை.

குழந்தையிலேயே சுன்னத் செய்யும் சமூகங்களில் இது மிக அரிது. இஸ்ரேலில் அப்படி, மும்பைப் பதிவேட்டில் முஸ்லிம்களிடையேயும் அப்படி. அப்படியானால் எல்லோரும் வெட்டிக்கொண்டால் போதுமே என்று முடிவு கட்ட வேண்டாம். டென்மார்க்கிலும் ஜப்பானிலும் பெரும்பாலான ஆண்கள் சுன்னத் செய்துகொள்வதில்லை. அங்கும் இந்த நோய் குறைவு. டென்மார்க்கில் 1940-இல் மூன்றில் ஒரு வீட்டில்தான் குளியல் வசதி இருந்தது, 1990-இல் பத்தில் ஒன்பது வீடுகளில் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் நோயும் மெல்ல இறங்கியது. கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ இதைப் படிப்பவருக்கு விளக்கம் தேவைப்படாது. லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, பொதுக் கழிப்பறையில் வரிசையில் நின்று, கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும் இடத்தில் எந்த ஆண் முன்தோலைப் பின்னால் தள்ளி நிதானமாகக் கழுவுவான்? காசிமேட்டிலிருந்து படகில் போய் நாள்கணக்கில் கடலில் இருப்பவருக்கு நல்ல தண்ணீர் குடிக்கத்தான் இருக்கும். இதைச் ‘சுத்தம் இல்லாதவன் நோய்’ என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் கோபம் வருகிறது. சுத்தமாக இருக்க இடமும் தண்ணீரும் வேண்டும்.

பெரியவர் ஆன பிறகு செய்யும் சுன்னத்துக்குக் குழந்தையில் செய்வதால் வரும் பாதுகாப்பு கிடையாது. ஆபத்து உண்மையில் இறுகிய தோலிலும், அதற்குள் வருடக்கணக்கில் நீடிக்கும் அழற்சியிலும் இருக்கிறது. இறுகிய முன்தோல் உள்ளவர்களுக்கு ஆபத்து பத்து மடங்குக்கு மேல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பீடி, சிகரெட் ஆபத்தை மேலும் ஏற்றும். மெல்லும் புகையிலையும் அப்படியே. ஏறக்குறைய பாதிப் பேருக்கு, உடலுறவில் பரவும் எச்.பி.வி. வைரஸ் கிருமி காரணம், அதிலும் 16-ஆம் வகையே பெரும்பான்மை. மற்ற பாதிக்கு இந்த நாட்பட்ட அழற்சி. முப்பது நாற்பது வருடம் புண்பட்டுக் கிடந்த தோலை ஐம்பது வயதில் வெட்டி, பார்க்காமலே எறிந்தால், ஆரம்ப நிலைப் புற்றும் அதோடு போய்விடலாம். வெட்டிய இடத்தில் மிச்சம் இருந்தால் யாருக்குத் தெரியும்?

பயாப்சி பெரிய வேலை இல்லை. வாயகன்ற டப்பாவில் 10 சதவீத ஃபார்மலின், தோலைப் போல் பத்து மடங்கு அளவு. பெயர், வயது, எடுத்த இடம், தேதி எழுதிய சீட்டு. சலைன் பாட்டிலிலோ ஸ்பிரிட்டிலோ போட்டு அனுப்பினால் திசு கெட்டு ரிப்போர்ட் பயன்படாது. மேலோட்டமாகச் சுரண்டி எடுத்ததும் அப்படித்தான். எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று தெரிய, அடித்திசுவும் சேர்ந்து வர வேண்டும். பேக்கேஜ் தொகையில் இது ஒரு சிறு பங்கு. பில்லில் ‘ஹிஸ்டோபெதாலஜி’ (திசுச் சோதனை) என்று ஒரு வரி இருக்கிறதா என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ‘அதெல்லாம் தேவையில்லை’ என்று பதில் வந்தால் எழுந்துவிடுங்கள்.

இந்தக் கிளினிக்குகளுக்கு வருவதற்கு முன்பே பலர் மெடிக்கல் ஷாப்பில் பல மாதம் கழித்திருப்பார்கள். அங்கே கொடுக்கும் டியூப் பெரும்பாலும் குளோபீட்டசால் ஸ்டீராய்டு, ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு பூஞ்சை மருந்து எல்லாம் கலந்தது. எரிச்சல் இரண்டு நாளில் அடங்கும், புண் அடங்காது. இதுதான் அதன் கேடு: வலி போனதும் ஆள் டாக்டரிடம் போவதை நிறுத்திவிடுகிறார். ஸ்டீராய்டு க்ரீமே தப்பு என்று சொல்லவில்லை. புண் எதுவும் இல்லாமல் வெறும் இறுக்கம் என்று டாக்டர் பார்த்து எழுதினால், பீட்டாமெத்தசோன் 0.05 சதவீதம் தினம் இருமுறை, நான்கிலிருந்து எட்டு வாரம் தடவி, தோலை மெதுவாகப் பின்தள்ளப் பழகினால் பலருக்கு வெட்டவே தேவைப்படாது. மூன்று வாரத்தில் ஆறாத புண்ணுக்கு மட்டும் இன்னொரு டியூப் வாங்காதீர்கள்.

சுகர் சோதிக்காமல் சுன்னத்துக்கு நாள் குறிக்கும் இடமும் சரியில்லை. நாற்பதுக்கு மேல் முன்தோல் திடீரென வெடித்து இறுகுவது பல நேரம் சர்க்கரை நோயின் முதல் அடையாளம். ஏற்கெனவே சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு சிறுநீரில் சர்க்கரை போவதால் அந்த இடத்தில் பூஞ்சை வரும். மாத்திரையை மாற்றினாலே சிலருக்குச் சரியாகிவிடும்.

புண்ணோ கட்டியோ இருப்பவர்களுக்குத் தனியார் பேக்கேஜ் வேண்டவே வேண்டாம். பழைய சிறைச்சாலை சாலையில் இருக்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் யூராலஜி (சிறுநீர்ப் பாதை, ஆண்குறி நோய்களைப் பார்க்கும்) பிரிவு உண்டு. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி ஆஸ்பத்திரியிலும் உண்டு. காலையிலேயே போய், ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் யூராலஜி எந்தக் கிழமை என்று கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டு எழுதுபவரிடம் கூட்டத்துக்கு நடுவே விவரம் சொல்லக் கூச்சமாக இருந்தால் ‘யூரின் போற இடத்துல புண்ணு, ஆறல’ என்ற ஐந்து சொல் போதும். அரசு ஆஸ்பத்திரி என்றால் வரிசை நீளம், தேதி தள்ளிப்போகும், வேட்டியைத் தூக்கிக் காட்டும் இடத்தில் திரை சரியாக இருக்காது. அந்தக் குறைகளோடும் அங்கே போகச் சொல்வதற்குக் காரணம், பயாப்சி, ஸ்கேன், ஆபரேஷன், பிறகு தேவைப்பட்டால் கீமோ எல்லாவற்றுக்கும் ஒரே நோட்டுப் புத்தகம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் வி.ஏ.ஓ. சான்றும் ரேஷன் கார்டும் வைத்து முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

உறுப்பை எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பலர் தாமதிக்கிறார்கள். புற்று முன்தோலோடு நின்றிருந்தால் சுன்னத்தே சிகிச்சையாகிவிடலாம். மொட்டின் மேல்தோலில் மட்டும் என்றால் அந்தத் தோலை உரித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். முன்பு கட்டியைச் சுற்றி 2 செ.மீ. நல்ல சதையையும் சேர்த்து வெட்டினார்கள். இப்போது சில மில்லிமீட்டர் போதும் என்பதால் பலருக்கு நின்றுகொண்டு சிறுநீர் கழிக்கும் நீளம் மிஞ்சுகிறது. தாமதம்தான் முழுதாக எடுக்க வைக்கிறது.

உயிரைத் தீர்மானிப்பது அரை, அதாவது தொடையும் அடிவயிறும் சேரும் இடுக்கு. ‘கால்ல புண்ணு, அதான் நெறி கட்டியிருக்கு’ என்று நம் ஊரில் சொல்லிவிடுவார்கள். ஆண்குறியில் புண் இருப்பவருக்கு அரையில் நெறி கட்டியிருந்தால் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது புற்று பரவியதாகவே இருக்கும். கைக்கு எதுவும் தட்டுப்படாதவர்களிலும் ஐந்தில் ஒருவர் அளவுக்கு உள்ளே பரவியிருக்கலாம். அதனால்தான், அடித்திசு வரை இறங்கிய கட்டி என்று ரிப்போர்ட் வந்தால், நெறி தெரியாவிட்டாலும் அரை நிணநீர்க்கட்டிகளைச் சோதிக்கச் சொல்கிறார்கள். அங்கே பரவாதவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டு தாண்டி வாழ்கிறார்கள். இடுப்புக்குள் ஏறிவிட்டால் பத்தில் இரண்டு பேர்கூட இல்லை. இரண்டுக்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் சில மாதங்கள்தான்.

வீட்டில் மகன் இருந்தால் எச்.பி.வி. தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். புனேயில் தயாராகும் செர்வாவாக் 9 முதல் 26 வயது ஆண்களுக்கும் அனுமதிக்கப்பட்டது. 14 வயது வரை 6 மாத இடைவெளியில் 2 டோஸ், அதற்கு மேல் 3 டோஸ். ஏற்கெனவே வந்த தொற்றை அது போக்காது. அரசின் வீடுவீடான புற்றுநோய்ப் பரிசோதனையில் ஆண்களுக்கு வாயை மட்டும்தான் பார்க்கிறார்கள். இந்த இடத்தை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்: மாதம் ஒருமுறை, குளிக்கும்போது, தோலைப் பின்தள்ளி, நல்ல வெளிச்சத்தில்.

சுன்னத் முடிந்து வீடு திரும்பும்போது பயாப்சி லேப் எண் எழுதிய சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நாளில் ரிப்போர்ட் வரவில்லை என்றால் கிளினிக்குக்கு அல்ல, லேபுக்கே நேரில் போங்கள். புற்று என்று வந்து சிகிச்சை முடிந்தவர்களுக்கு முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரையைத் தடவிப் பார்க்க வேண்டும். அந்தத் தேதிகளை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.