கோட்டை டூருக்குக் காசு கட்டப் போறவை இத ஒருக்கா வாசிச்சிட்டுக் கட்டுங்கோ

எங்களக் கோட்டை பாக்கக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு ஏமாத்தின டூர்காரர்ட புது விளம்பரம் ஒண்டு நேத்து இரவு பேஸ்புக்ல கண்டன். காலிக் கோட்டை, மாத்தறை நட்சத்திரக் கோட்டை, ரெண்டு நாள் குரூப் டூர், திருகோணமலைல இருந்து பஸ். அதுக்குப் போட்டிருந்த படம் யாழ்ப்பாணக் கோட்டை வாசல்ல எடுத்தது, முன்னுக்கு பச்சைச் சாறியோட சிரிச்சுக்கொண்டு நிக்கிறது என்ட பெரியம்மா! அந்தப் படம் எடுத்து மூண்டு மணித்தியாலத்துக்குள்ள அவ காரைநகர் வெயில்ல குந்தியிருந்து தண்ணி கேட்டது எனக்குத்தான் தெரியும்.

ஆற்ற பேரும் போடேல்ல, முறைப்பாடு போய்க்கொண்டிருக்கு. நடந்தத மட்டும் சொல்றன்.

கனடால இருந்து சொந்தக்காரர் வந்திருந்தவை. திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகேக்க ஒரு பொடியன், கோயிலுக்குப் போற வழில இருக்கிற பிரெட்றிக் கோட்டை வாசல் கல்லில இருக்கிற மீனக் காட்டி இது என்ன சித்தி எண்டு கேட்டான். எத்தின வருசமா அந்த வாசலாலதான் போறன், மான் நிக்குதா எண்டுதான் பாப்பனே தவிர நிமிந்து கல்லப் பாத்ததில்ல. பெரியம்மா சரித்திரம் படிப்பிச்சு ரிட்டயர் ஆனவ, விடுவாவா, "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியை பின்னே பறங்கி பிரிக்கவே" எண்டு அந்த வாசல் கல்வெட்டுப் பாட்ட அங்கயே தொடங்கிட்டா. குளக்கோட்டன் செய்த கோயில் திருப்பணிய பேந்து பறங்கி, அதாவது போர்த்துக்கீசர், அழிப்பினம் எண்டதுதான் அதின்ட கருத்து. 1622ல கோயில இடிச்சது, அந்தக் கல்லுகளக் கொண்டு போர்த்துக்கீசர் கோட்டை கட்டினது, 1639ல ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பிடிச்சது, 1782ல ஒரே வருசத்துக்குள்ள இங்கிலீசுக்காரனும் பேந்து பிரெஞ்சுக்காரனும் மாறி மாறிப் பிடிச்சது எல்லாம் சொன்னா. பிள்ளையள் வாயப் பிளந்து கேட்டுதுகள். அப்ப மத்தக் கோட்டையளும் பாப்பம் எண்டு கதை வந்து, மன்னார், யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறைக் கடலுக்குள்ள நேவியிட்ட இருக்கிற ஹமன்ஹீல் கோட்டை, நெடுந்தீவு எண்டு ஒரு லிஸ்ட் போட்டம். 22 பேர்.

தெரிஞ்ச ஒருத்தர் மூலமாத்தான் டூர் ஒழுங்குபடுத்திற அந்தத் தம்பிய பிடிச்சன். "அக்கா நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ, நேவியோட எல்லாம் நான் கதைச்சிட்டன்" எண்டார். ஆளுக்கு 28,500, மூண்டு நாள், ஏசி கோஸ்டர் பஸ், ரெண்டு இரவு ரூம், சாப்பாடு, கைட். மொத்தம் 6,27,000. பாதிய முதல்லயும் மிச்சத்த வெளிக்கிடுறதுக்கு முதல் நாள் இரவும் போட்டன், போட்டது அவர்ட சொந்த அக்கவுண்டுக்கு. அப்பவே ஒரு மாதிரி இருந்திச்சு, ஆனா கேட்டா குறையா நினைப்பாரோ எண்டு விட்டுட்டன். இந்தக் கூச்சம் இருக்கே, அதுதான் எனக்கு வினையாப் போச்சு.

அஞ்சு மணிக்கு வாற பஸ் ஏழே காலுக்கு வந்திச்சு. கோஸ்டர் இல்ல, பழைய ரோசா, ஏசி ஓட்டையால சுடுகாத்து. மன்னார்ல பாலம் தாண்டினோண்ண கோட்டை, 1560ல போர்த்துக்கீசர் கட்டினது, இறங்கக் கேட்டா டிரைவர் நேரம் இல்ல எண்டார், யன்னலால பாத்தது தான். ஆனா அவர்ட சிநேகிதன்ட கடைல சாப்பிட ஒண்டரை மணித்தியாலம் இருந்திச்சு.

யாழ்ப்பாணக் கோட்டைல கைட் எண்டு வந்த பொடியன் இது பிரிட்டிஷ்காரன் கட்டினது எண்டு தொடங்கினார். பெரியம்மா மெதுவா, "தம்பி, போர்த்துக்கீசர் கட்டினத 1658ல ஒல்லாந்தர் பிடிச்சு, பேந்துதான் இந்த ஐஞ்சு மூலையா மாத்திக் கட்டினவை" எண்டா. அவர் போன எடுத்துப் பாத்திட்டு "ஓம் ஓம்" எண்டார். பேந்து முழுக்கப் பெரியம்மாதான் கைட், காசு அவருக்கு.

அங்க இருந்து நேரா காரைநகர், ஹமன்ஹீலுக்குப் போட் எடுக்க. நேவி கேட்டில நிண்டவர் அரைகுறைத் தமிழ்ல, மரியாதையாத்தான் கதைச்சவர், லிஸ்ட ரெண்டு தரம் மேல கீழ பாத்திட்டு உங்கட பேர்ல புக்கிங் ஒண்டும் இல்ல எண்டார். தம்பிக்குக் கோல் எடுத்தா போன் ஓஃப். தண்ணிக்குள்ள கோட்டை கண்ணுக்கு முன்னால தெரியுது, போக ஏலாது. இலங்கையப் பன்றித் தொடை மாதிரி எண்டு பாத்து அதின்ட குதி இது எண்டு ஒல்லாந்தர் வச்ச பேராம் ஹமன்ஹீல், அதப் பெரியம்மா கரைல இருந்தே பிள்ளையளுக்குச் சொன்னா. வெயில்ல அவவுக்குத் தலை சுத்தத் தொடங்கினது அப்பதான்.

இரவு ரூமுக்குப் போனா, முதல் நாளுக்கு மட்டும்தான் காசு வந்திருக்கு, ரெண்டாவது நாளுக்கு வரேல்ல எண்டாங்கள். எட்டு ரூம், 88,000, என்ட கார்டால கட்டினன். அடுத்த நாள் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ச் சேர நெடுந்தீவு போட் போயிட்டுது. பிரைவட் போட் எடுத்தா எக்ஸ்ட்ரா காசாம். நெடுந்தீவக் காணாமலே திரும்பி வந்தம்.

ஊருக்கு வந்து வட்ஸ்அப்ப நோண்டினா அந்தத் தம்பியோட கதைச்ச பழைய மெசேஜ் ஒண்டும் இல்ல. தானா அழியிற மாதிரி அவர் தொடக்கத்திலயே செட் பண்ணி வச்சிருக்கிறார், ஏழு நாளுக்கு மேல பழையது ஒண்டும் நிக்காது, நான் கவனிக்கேல்ல. பாங்க் ஸ்லிப் ரெண்டும், மச்சாள் எடுத்து வச்ச ஒரு ஸ்கிரீன்ஷொட்டும்தான் மிச்சம். பொலிஸ்ல இது குடுக்கல் வாங்கல் பிரச்சினை, இணக்கசபைக்குப் போங்கோ எண்டாங்கள். நுகர்வோர் அதிகாரசபைக்கு அவையின்ட 1977 நம்பருக்கு எடுத்தும் சொல்லியிருக்கு. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபைல பதிஞ்ச ஆளோ எண்டு காசு கட்ட முதல் நான் கேட்டிருக்கோணும், கேக்கேல்ல. ஹோட்டலுக்கும் நேவிக்கும் நானே ஒரு கோல் எடுத்திருந்தா அஞ்சு நிமிசத்தில பிடிபட்டிருக்கும்.

காசு சேத்தது நான் எண்டபடியால 21 பேரும் கேக்கிறது என்னட்டத்தான். கனடாக்காரர் பரவாயில்ல எண்டுட்டினம். ஊர்ல இருக்கிற ரெண்டு குடும்பத்துக்கு நான் என்ட கைக்காசக் குடுத்திட்டன், மிச்சப் பேர்ட முகத்தப் பாக்கவே கூச்சமா இருக்கு.

இண்டைக்குக் காலைல அவர் புது நம்பர்ல இருந்து எடுத்தார். 40,000 தாறன், முறைப்பாட்ட வாபஸ் எடுங்கோ அக்கா எண்டார். நான் முதல்ல பெரியம்மாட படத்த எடு எண்டன். இத எழுதிற வரைக்கும் படம் அங்கதான் கிடக்கு.