அளந்து கொடுக்கும் ஜல்லிக் கடை

வீட்டு முன்னால் கார் நிறுத்தத் தளம் போட ஜல்லி வாங்கிய கடையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எத்தனை லோடு என்று கேட்காமல் முதலில் நீளம், அகலம், கனம் கேட்டார்கள். 20க்கு 15 அடி, 4 அங்குலக் கனம், பெருக்கினால் 100 கன அடி கான்கிரீட். சிமென்ட், மணல், ஜல்லி 1:2:4 என்ற கலவைக்கு ஜல்லி 88 கன அடி போல வரும், சிந்துவதையும் சேர்த்து ஒரு யூனிட், அதாவது 100 கன அடி போதும் என்று கடைக்கார அண்ணனே கணக்குப் போட்டுச் சொன்னார். கூடுதலாகத் தள்ளிவிடப் பார்க்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது, கொட்டுவதற்கு முன்பே டேப் பிடித்து அளக்க விட்டது. லோடு என்பது வண்டிக்கு வண்டி மாறும், அதனால் வண்டித் தொட்டியின் உள்பக்க நீளம், அகலம், ஜல்லி நிற்கும் உயரம் மூன்றையும் நீங்களே அளந்துவிடுங்கள், நடுவில் குவித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 20 எம்எம் ஜல்லி, தூசி குறைவு, தட்டைக் கல்லும் அதிகம் இல்லை.

குறை என்றால் டெலிவரிதான். காலையில் வர வேண்டிய வண்டி மாலையில் வந்தது, கொத்தனாரும் ஆட்களும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், கூலி போனது போனதுதான். முந்தின நாளே இறக்கச் சொல்லிவிடுங்கள்.