தாயின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ எங்கே குறுகுகிறது? மூன்று விளக்கங்களும் என் சாய்வும்

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டிஎன்ஏ உண்டு. அதன் பிரதிகளில் சில மட்டும் பிறழ்ந்திருக்கும் தாய்க்கு ஒரு பிள்ளை நோயோடு பிறக்கும், அடுத்தது நன்றாக இருக்கும். ஒரே தலைமுறையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? முதுகலை வகுப்புக்கு ஒரு விளக்கத்தை முதன்மையாக எடுக்க வேண்டியிருந்தது. 2007, 2008இல் எலிகளை வைத்து வந்த மூன்று ஆய்வுகள் மூன்று விதமாகச் சொல்கின்றன. நான் எடுத்தது இங்கிலாந்தின் நியூகாசில் குழுவுடையது.

இந்த டிஎன்ஏ தாய்வழியில் வருவது தெரிந்ததுதான், எண்ணிக்கைக்கு வருவோம். எலியின் முதிர்ந்த கருமுட்டையில் ஏறத்தாழ 1.5 லட்சம் பிரதிகள் இருக்கும். கரு கருப்பையில் பதியும்வரை அவை பெருகுவதில்லை என்றே சொல்லலாம். செல்கள் பிரியப் பிரிய இருப்பதைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. பின்னாளில் கருமுட்டையாகப் போகும் ஆதி இனச்செல்களைப் பச்சையாக ஒளிரவைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றிலுள்ள பிரதிகளை நியூகாசில் குழுவினர் எண்ணினார்கள். கருவின் 7.5ஆம் நாளில் செல்லுக்குச் சுமார் 200 பிரதிகள்தான். பச்சைப்பயறும் உளுந்தும் கலந்த மூட்டையில் ஒரு கைப்பிடி அள்ளினால் விகிதம் மாறத்தானே செய்யும்! அதுபோலத்தான் பிறழ்ந்த பிரதிகளின் விகிதமும்.

ஜப்பானியக் குழுவோ ஆயிரத்துக்கும் மேல் இருக்கிறது, பிரதிகள் கொத்துக் கொத்தாகக் கடத்தப்படுவதால்தான் வித்தியாசம் என்றது. அவர்கள் செல்களை அடையாளம் கண்டது நொதிச் சாயத்தை வைத்து. ஒளிரும் குறியீட்டின் மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

எதிர்வாதங்களில் கனடாவின் மான்ட்ரியால் குழுவுடையதுதான் வலுவானது. கருவில் எண்ணிக்கை குறைவதை அவர்களும் ஏற்கிறார்கள். ஆனால் செல்லுக்குச் செல் விகிதம் விலகுவது பிறந்த பிறகு, முட்டையைச் சூழ்ந்திருக்கும் நுண்ணறைகள் வளரும்போது, பிரதிகளில் ஒரு பகுதி மட்டும் பெருகுவதால் என்கிறார்கள்.

ஆகவே எல்லாமே 'எப்போது' என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. இரண்டு வகை டிஎன்ஏவும் கலந்த எலிகளில் அதே மான்ட்ரியாலில் 1996இல் நடந்த ஆய்வில், குட்டிகளிடம் காணும் விலகலில் பெரும்பகுதி, பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடும் முதல்நிலை முட்டைச்செல்களிலேயே வந்துவிட்டிருந்தது. அதிலிருந்து கணக்கிட்ட கடத்தல் அலகுகளும், அதாவது அடுத்த தலைமுறைக்குத் தனித்தனியாகப் போகும் டிஎன்ஏ அலகுகளும், சுமார் 200. வேறு வழியில் போன இரண்டு ஆய்வுகள் ஒரே எண்ணில் சந்திப்பதுதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. 2018இல் மனிதக் கருவின் ஆதி இனச்செல்களிலும் பிரதிகள் வெகுவாகக் குறைவது தெரியவந்தது.

பிறந்த பிறகு ஒன்றுமே நடப்பதில்லை என்று அடித்துச் சொல்லமாட்டேன். முட்டை வளரும்போது 200 மறுபடி லட்சத்தைத் தாண்ட வேண்டும். அந்தப் பெருக்கத்தில் எல்லாப் பிரதிகளும் சமமாகப் பங்கெடுக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் வகுப்பில் நியூகாசில் கணக்கை முதலில் வைக்கிறேன், மான்ட்ரியாலை அதற்கு மேல் சேரும் இரண்டாம் கட்டமாக.