உள்ளே இருந்து எழுதுவதா, வெளியேறி எழுதுவதா?

2022 மார்ச்சில் ரஷ்யா ஒரு சட்டம் கொண்டுவந்தது: ராணுவத்தைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பினால் 15 ஆண்டுகள் வரை சிறை. எது பொய் என்பதை அரசே சொல்லும். நாட்டுக்குள் இருந்தே எழுதுவதா, வெளியேறி எழுதுவதா என்பதே அன்று முதல் ரஷ்யப் பத்திரிகையாளர்களை அலைக்கழிக்கும் கேள்வி.

ஆபத்து
உள்ளே: 'நோவயா கஸேத்தா' என்ற ரஷ்யச் செய்தித்தாளின் அப்போதைய ஆசிரியர் முராத்தவ் 2021இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். அதுவும் காக்கவில்லை. 2022 மார்ச்சிலேயே அதன் வெளியீடு நின்றது. செப்டம்பரில் உரிமம் பறிபோனது.
வெளியே: கைது எளிதல்ல. ஆனால் அடைக்கலம் தந்த நாட்டுக்கும் விதிகள் உண்டு. ரஷ்யாவைவிட்டு வெளியேறிய 'தோஷ்த்' தொலைக்காட்சியின் உரிமத்தை லாட்வியாவே ரத்து செய்தது.

பணம்
உள்ளே: விளம்பரதாரர் அஞ்சுவார்.
வெளியே: லாட்வியத் தலைநகர் ரீகாவிலிருந்து இயங்கும் ரஷ்யச் செய்தித் தளம் 'மெதூசா' வாசகர் நன்கொடையை நம்பியது. 2023 ஜனவரியில் அதை 'விரும்பத்தகாத அமைப்பு' என்று ரஷ்ய அரசு அறிவித்தது. நன்கொடை அளிப்பதே குற்றமாயிற்று. கெட்டிக்காரத்தனமான கொடுமை.

வாசகர்
உள்ளே: தடையின்றிச் சேரலாம், பாதி உண்மையுடன்.
வெளியே: முழுதாக எழுதலாம், ஆனால் ரஷ்யாவில் தளம் முடக்கப்பட்டதால், இணையத் தடையைத் தாண்ட உதவும் விபிஎன் தெரிந்தவரே படிப்பர்.

நீதிமன்றம், உள்ளூர்ப் பிரச்சினை என்றால் உள்ளே இருப்பவரே எழுத முடியும். போர், மேலிடத்து ஊழல் என்றால் வெளியேறுவதே சரி என்பேன்.