விதி இல்லாத டிஸ்க்: ஏரோபி வளையமும் அதைத் தாண்டிய சில வடிவங்களும்

பாலக்காட்டுக் கணவாயில், சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்து வயல்களில் டிஸ்க் கோல்ஃப் (வட்டத் தட்டை வீசிச் சங்கிலிக் கூடையில் விழவைக்கும் ஆட்டம்) ஆடிப் பார்ப்பவருக்கு முதல் எதிராளி காற்றுதான். ஆடியில் மேல்காற்று, மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று. இரண்டும் கணவாய்க்குள் நெருங்கி வேகமெடுத்து வரும். வலக்கையை இடப்பக்கம் கொண்டுபோய் முன்னோக்கி (பேக்ஹேண்ட்) வீசும் டிஸ்க், எதிர்காற்றில் வலப்பக்கம் கவிழும். முதுகுக்காற்றில் சீக்கிரமே இடப்பக்கம் விழும். இந்தக் காற்றுக்குத் தோதான டிஸ்க்கை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் வடிவமைத்தால் அது எப்படி இருக்கும்? அதற்குப் பாதி விடை கடையிலேயே இருக்கிறது: ஏரோபி புரோ என்ற, நடுவே திறந்த, வீசி ஆடும் வளையம். இந்த மதிப்பீடு முதலில் அதைப் பற்றியது. மீதி, யாரும் விற்காத வடிவங்களைப் பற்றியது.

விதி என்ன சொல்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1976-இல் தொடங்கிய பிடிஜிஏ (டிஸ்க் கோல்ஃப் விதிகளை வகுக்கும் சங்கம்) அமைப்பின் அளவுகள் இவை: விட்டம் 21 செ.மீ-க்குக் குறையக் கூடாது. எடை, விட்டத்தின் ஒவ்வொரு செ.மீ-க்கும் 8.3 கிராம் வரை, எப்படியும் 200 கிராமுக்குள். விளிம்பின் அகலம் 2.6 செ.மீ-க்குள். உட்குழிவு விட்டத்தில் 5 முதல் 12 சதவீதம். முன்விளிம்பின் வளைவு ஆரம் 1.6 மி.மீ-க்குக் குறையக் கூடாது. துளை கூடாது, காந்தப் பொருள் கூடாது. 21.2 செ.மீ டிரைவர் (தூரம் வீசும் டிஸ்க்) ஒன்று 175, 176 கிராமில் நிற்பது இதனால்தான். 21.2-ஐ 8.3-ஆல் பெருக்கினால் 175.96.

இதில் துளை கூடாது என்ற வரியையும் உட்குழிவு போன்ற தட்டு வடிவ வரிகளையும் எடுத்துவிட்டால்தான் ஏரோபி உள்ளே வரும். ஆலன் ஆட்லர் 1984-இல் கொண்டுவந்த 13 அங்குல வளையம் இது. 2003-இல் எரின் ஹெம்மிங்ஸ் இதை 406 மீட்டர் வீசினார். கோல்ஃப் டிஸ்க்கில் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 2016-இல் நெவாடா பாலைவனத்தில் முதுகுக்காற்றோடு எட்டியது 338 மீட்டர். வித்தியாசம் 68 மீட்டர்.

ஆனால் இந்த வளையத்தின் பெருமை தூரத்தில் இல்லை, நேராகப் போவதில் இருக்கிறது. சாதாரண டிஸ்க்கில் வேகம் மாற மாற, காற்றின் தூக்குவிசை மையம் முன்னும் பின்னும் நகர்கிறது. அதனால்தான் முதலில் வலப்பக்கம் சாய்ந்து, வேகம் குறைந்ததும் இடப்பக்கம் இறங்குகிறது. வளையத்தில் சிக்கல் வேறு மாதிரி. முன்பாதி கீழே தள்ளிவிட்ட காற்றில்தான் பின்பாதி பறக்க வேண்டும், ஆகவே பின்பக்கம் தூக்குவிசை குறைந்துபோகும். ஆட்லர் வெளிவிளிம்பைச் சுற்றி, மேல்நோக்கி எழும்பிய மெல்லிய உதடு ஒன்றை வைத்தார். முன்னால் போகும்போது அந்த உதடு தூக்குவிசையைக் கொஞ்சம் கெடுக்கும், பின்பாதியில் அந்தக் கெடுதல் இல்லை. இரண்டு பாதியும் எல்லா வேகத்திலும் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. விரல் நுனியால் வருடிப் பார்த்தால்தான் அந்த உதடு தெரியும், அவ்வளவு சிறியது. டிஸ்க் வடிவமைப்பில் இதைவிட அழகான யோசனை ஒன்று இல்லை என்பது எங்கள் எண்ணம்.

குறைகளும் பெரியவையே. அது நிற்காது. கோல்ஃப் டிஸ்க் கடைசியில் தொய்ந்து இறங்கும், வளையமோ தாழ்வாக வழுக்கிக்கொண்டே போய் இரண்டு வயல் தாண்டி வரப்பில் மறையும். கூடையில் அதன் நிலை இன்னும் மோசம். சங்கிலிகள் டிஸ்க்கின் மேல்தட்டும் பருத்த விளிம்பும் வந்து மோதுவதற்காகத் தொங்குகின்றன. தட்டு இல்லாத மெல்லிய வளையம் அவற்றின் இடைவெளியில் நழுவி மறுபக்கம் போய்விடும். கரிம்பனை அடிமரத்தில் மோதி கொஞ்சம் வளைந்தாலும் பறப்பு மாறிவிடும். அப்போது ஒரு பக்கத்தை மட்டும் முறுக்காமல், வளையம் முழுவதும் ஒரே அளவாக மெல்ல வளைத்து, ஒருமுறை வீசிப் பார்த்து, தவறு கூடினால் எதிர்த்திசையில் வளைக்க வேண்டும்.

சொந்தமாக ஒன்று செய்து பார்க்க விரும்புபவருக்கு: 3 மி.மீ பாலிகார்பனேட் ஷீட்டில் வெளிவிட்டம் 30 செ.மீ, உள்விட்டம் 24 செ.மீ வளையம் வெட்டுங்கள். எடை 92 கிராம் அளவில் வரும். 1.5 மி.மீ ஷீட்டில் 4 மி.மீ அகலத்துக்கு இன்னொரு வளையம் வெட்டி, வெளிவிளிம்பின் மேல் எபாக்சியால் ஒட்டுங்கள். அதுதான் உதடு. ஒட்டுவதற்கு முன் இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். பெயிண்ட் வாளி மூடியை வெட்டிச் செய்யும் ஆசை எல்லாருக்கும் வரும். மூடி பாலிப்ரொப்பிலீன், அதில் பசை பிடிக்காது, நாலாவது வீச்சில் உதடு உரிந்து வரும். அக்ரிலிக் தரையில் பட்டதும் சில்லு சில்லாகும். வலக்கை வீச்சில் வளையம் இடப்பக்கம் சாய்ந்தால் உதடு போதவில்லை என்று பொருள். வலப்பக்கம் சாய்ந்தால் உதடு உயரம் அதிகம், சுற்றிலும் சமமாக அரத்தால் குறையுங்கள். ஒரே இடத்தில் தேய்த்தால் தள்ளாட்டம் வரும்.

அடுத்து, பலரும் முதலில் கேட்பது அகல விளிம்பு. 2.6 செ.மீ-க்குப் பதில் 3.2 செ.மீ வைத்தால் வேகம் கூடும் என்பது உண்மை. ஆனால் விரல்கள் விளிம்பைச் சுற்றி உள்பக்கம் மடங்கிப் பிடிக்க வேண்டும். நடுத்தரமான கைக்கு 3.2 எட்டாது, பிடி முன்னதாகவே நழுவும். அந்த டிஸ்க் கேட்கும் வேகத்தைக் கொடுக்காத கையிலிருந்து போனால் உடனே இடப்பக்கம் விழும். இங்கே எல்லை போடுவது விதியைவிட உள்ளங்கைதான். மதிப்பெண்: 5-க்கு 1.

குழிவே இல்லாத, அடி மூடிய டிஸ்க் காற்றைக் கிழிக்குமே என்று தோன்றும். பின்விளிம்பின் உட்சுவரில் காற்று முட்டுவது இழுவையைக் கூட்டும் என்பதால் அந்த யோசனையில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் குழிவும் பின்விளிம்பும்தான் தூக்குவிசை மையத்தைப் பின்னுக்குத் தள்ளி, மூக்கு மேலே எழாமல் காக்கின்றன. எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டை வீசினால் பத்தடியில் புரண்டு விழுகிறதே, அதே நோய் இதற்கும் வரும். குழிவை 5 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டாம்.

உலோக விளிம்பு உண்மையிலேயே ஆசையைத் தூண்டுவது. எடையைக் கூட்டாமல் 176-க்குள்ளேயே வைத்து, அதை விளிம்புக்கு நகர்த்துவதுதான் சரியான வழி. தட்டின் எடை சீராகப் பரவியிருப்பதைவிட முழுக்க விளிம்பில் இருந்தால் சுழற்சி நிலைமம் இரண்டு மடங்கு. நிலைமம் கூடினால் வலச்சாய்வும் இடச்சாய்வும் மெதுவாகும். கணவாய்க் காற்றுக்கு வேண்டியது அதுதான். 19.5 செ.மீ விட்டத்தில் 3 மி.மீ இரும்புக் கம்பி ஒரு சுற்று வைத்தால் 61 செ.மீ நீளம், 34 கிராம். முனைகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றக் கூடாது. 2 செ.மீ ஏறினாலே ஒரு பக்கம் ஒரு கிராமுக்கு மேல் கூடிவிடும், கையை விட்டதும் டிஸ்க் தள்ளாடும். முனைகள் நேருக்கு நேர் முட்டியிருக்கட்டும். மணிக்கட்டுக்கு வேலை கூடும், அதற்குத் தயாராக இருங்கள். மதிப்பெண்: 5-க்கு 4. அந்த ஒரு மதிப்பெண் குறைவது, வரப்பில் நடந்து வருபவர் மேல் பட்டால் என்ன ஆகும் என்பதற்காக.

கூர்விளிம்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். 1.6 மி.மீ ஆரம் என்பது கண்ணையும் பல்லையும் காப்பாற்றும் விதி. அதை யாரும் தொடக் கூடாது.

பட்டருக்கு (கூடையருகே மெல்ல வீசும் டிஸ்க்) வந்தால் காந்தம். 10 மி.மீ அகலம், 2 மி.மீ தடிப்புள்ள நியோடிமியம் காந்தம் ஒன்று 1.2 கிராம் இருக்கும். விளிம்பில் எட்டு வைத்தால் 10 கிராமுக்குள் முடியும். எட்டும் சம இடைவெளியில் இருக்க வேண்டும். தூரத்திலிருந்து இழுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஒரு செ.மீ தாண்டினாலே இழுவை வெகுவாகக் குறையும். சங்கிலியில் பட்டுத் தெறிக்கும் டிஸ்க்கைத் தடுக்க அது உதவும், அவ்வளவுதான். துத்தநாகம் பூசிய இரும்புச் சங்கிலிக்கு ஒட்டும், 304 எவர்சில்வர் சங்கிலிக்கு ஒட்டாது. செலவழிக்கும் முன் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைச் சங்கிலியில் வைத்துப் பாருங்கள்.

வாங்குபவருக்கு: திறந்த வயலில் தூரம் பார்க்க ஏரோபி நல்ல கொள்முதல், ஆனால் கூடைக்கு உங்கள் பழைய பட்டரையும் எடுத்துச் செல்லுங்கள். பறப்பதும் கூடையில் நிற்பதும் இரண்டு வேறு வேலை. விதி ஒரே வடிவத்தை இரண்டுக்கும் ஈடுகொடுக்க வைக்கிறது. தளர்த்துவதானால் முதல் வீச்சுக்கு மட்டும் தளர்த்தலாம். காலை ஒன்பதுக்குள், காற்று எழும் முன் வீசுங்கள். வளையத்துக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் எடுங்கள், பச்சை நெல்லிலும் காய்ந்த தாளிலும் கண்ணில் படுவது அது ஒன்றுதான்.